மருந்து அடிக்காத வருஷம்

பப்பாளிப் பால் எடுப்பது விடிகாலை வேலை. வெயில் ஏறிவிட்டால் காயைக் கீறினாலும் பால் சரியாக வழியாது. பத்து மணிக்குள் தோட்டத்தை முடித்துவிட வேண்டும். இரண்டரை, மூன்று மாதமான பச்சைக் காயாகப் பார்த்து, பிளேடு முனையால் மேலிருந்து கீழாக நான்கு கோடு, ஒரு நூல் ஆழத்துக்கு மேல் போகாமல் இழுப்பார்கள். வழிகிற பாலை அலுமினியத் தட்டில் ஏந்திக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாள் கழித்து அதே காயில் மறுபக்கம். இப்படி ஒரு காயில் நாலு தடவை. அந்தப் பாலில் இருக்கிற பப்பைன், இறைச்சியை மிருதுவாக்க, பீரைத் தெளியவைக்க, மாத்திரை செய்ய என்று எங்கெங்கோ போகும். கீறல் விழுந்த காய் பழக்கடைக்கு ஆகாது. டூட்டி ஃப்ரூட்டி போடுகிறவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். பால் எடுக்கிற பெண்களுக்கு விரல் நுனித் தோல் எப்போதும் உரிந்தே இருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான்.

எங்கள் தோட்டம் உடுமலைப்பேட்டைப் பக்கம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் பாசனம், கூட ஒரு கிணறு. கோயம்புத்தூர் மாவட்டமாக இருந்த ஊர் 2009இல் திருப்பூர் மாவட்டமானது. இரண்டு ஏக்கரில் பப்பாளி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பாலுக்கு ஏற்றது என்று சொன்ன கோ-2, கோ-5 ரகங்கள்தான் அப்பா வைத்தது. ஆறடிக்கு ஆறடி, ஏக்கருக்கு ஆயிரத்து இருநூறு மரம். ஒன்றரை அடிக் குழி. பூ வந்ததும் ஆண் மரங்களை வெட்டிவிட்டு, இருபது பெண் மரத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுவைப்பது. இதையெல்லாம் யாரும் அப்பாவுக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்ததில்லை. ஆண் மரம் காய்க்காது என்பது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 50 கிராம் என்பதை மட்டும் அவர் பாதிதான் கேட்பார். கையில் காசு இருந்த மாதம் முழுசாக, இல்லாத மாதம் யூரியா மட்டும். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். விவசாயி சொன்னதைக் கேட்பதில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த மாதத்துப் பால் பணம் எப்போது வந்தது என்று கேட்பதில்லை.

நான் பி.காம். முடித்துவிட்டு, பக்கத்துச் சந்தை ஊரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உரம், விதை, பூச்சிமருந்து. அதனால் பூச்சி வந்த அந்த இரண்டு வருஷத்தையும் நான் இரண்டு இடத்திலிருந்து பார்த்தேன்: காலையில் தோட்டம், பத்து மணிக்கு மேல் கடன் நோட்டு.

2008 கடைசியில் ஒருவர் பாலித்தீன் பையில் ஓர் இலையைப் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக அப்பியிருந்தது. "பருத்தியில வர்ற மாவுப்பூச்சிதானுங்க" என்று முதலாளி ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னதில் குற்றமில்லை. அப்போது பருத்தியில் ஒரு மாவுப்பூச்சி இருக்கத்தான் செய்தது. இது அது இல்லை, மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி, கரீபியன் தீவுகள் வழியாகப் பசிபிக் தீவுகள் வரைக்கும் பரவி இங்கே வந்து சேர்ந்தது, அந்த ஜூலையில்தான் கோயம்புத்தூரில் முதன்முதலாக அடையாளம் கண்டார்கள் என்பதெல்லாம் எங்கள் ஊருக்கு வந்துசேர மாதக்கணக்கானது. பூச்சி அதற்கு முன்பே வந்துவிட்டது.

வாய்க்கால் கரைப் பார்த்தீனியத்தில் முதலில். பிறகு வாசல் செம்பருத்தி. 2009 கோடையில் தேக்கு, கொய்யா, மரவள்ளி என்று எதில் பார்த்தாலும் வெள்ளை. பப்பாளியில் அது செய்த அழிச்சாட்டியம் தனி. இலைக் காம்பு, பிஞ்சு, காய், தண்டு எல்லாம் மெழுகு போர்த்திக்கொண்டது. பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீர் வடிந்து கீழ் இலைகளில் கரும்பூசணம் பிடித்தது. எறும்புகள் வரிசை கட்டின. கொழுந்து சுருங்கி, பிஞ்சு உதிர்ந்து, மரம் உச்சியிலிருந்து மொட்டையானது. பால் எடுக்கப் போன பெண்கள் காயைத் தொட்டால் கை பிசுபிசுத்தது. நசுங்கிய பூச்சியிலிருந்து மஞ்சள் தண்ணீர் வந்து தட்டில் கலந்தது. அந்தப் பாலை வாங்க மாட்டோம் என்று வண்டிக்காரர் திருப்பிவிட்டார்.

பக்கத்துத் தோட்டம் சித்தப்பாவுடையது. மல்பெரி. பட்டுப்புழு வளர்க்கிறவருக்கு எங்களைவிட மோசமான இக்கட்டு: இலையில் மருந்து அடித்தால் அதைத் தின்கிற புழு சாகும், அடிக்காவிட்டால் புழுவுக்குப் போட இலையே இருக்காது. முக்கால் வளர்ந்த புழுவைத் தட்டோடு கொண்டுபோய்க் குழியில் கொட்டி மூடிய அன்று சித்தி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடையில் வியாபாரம் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. புரொபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ். காலையில் ஒரு பெட்டி பிரித்தால் சாயங்காலம் காலி. ஒன்று கேட்கவில்லையென்றால் இரண்டைக் கலந்து அடிப்பார்கள். மெழுகில் மருந்து நிற்பதில்லை என்று சோப்புத் தூள், ஷாம்பு பாக்கெட் எல்லாம் டேங்கில் போனது. மேலே ஊர்கிற குஞ்சுகள் செத்தன. மூன்றாம் நாள் மரம் தெளிந்ததுபோல் தெரியும். வெள்ளை மெழுகுப் பைக்குள் இருக்கிற நூற்றுக்கணக்கான முட்டைக்கு ஒன்றும் ஆகாது. பத்துப் பதினைந்து நாளில் பழையபடி. அப்பா திரும்பவும் கடைக்கு வருவார். மகள் உட்கார்ந்திருக்கிற மேஜைக்கு வந்து நின்று, முதலாளியைப் பார்த்துக்கொண்டு, "நோட்டுல எழுதிக்க கண்ணு" என்பார்.

அப்போது வந்த நோட்டீஸ் ஒன்றை நாங்களே கடைச் சுவரில் ஒட்டியிருந்தோம். தாக்கிய செடிகளைப் பிடுங்கி எரிக்கவும், பார்த்தீனியக் களையை ஒழிக்கவும், எறும்புப் புற்றை அழிக்கவும், மீன் எண்ணெய் சோப்புக் கரைசல் தெளிக்கவும், கட்டுப்படாவிட்டால் இன்ன மருந்து லிட்டருக்கு இத்தனை மில்லி. அப்பா அதை வரிக்கு வரி செய்தவர். ஆனால் எரிப்பது பேச்சில் சுலபம். பப்பாளி மரம் எரியாது. உள்ளே கூடு, சுற்றிலும் தண்ணீர் கோத்த சதை. சீமெண்ணெய் ஊற்றினோம், பழைய டயர் போட்டோம். புகைந்து புகைந்து இரண்டு நாள் கிடந்தது. சிலர் பிடுங்கியதை டிராக்டரில் ஏற்றி ரோட்டோரம் கொண்டுபோய்த் தள்ளினார்கள். வழியெல்லாம் காற்றில் குஞ்சு பறந்தது. அந்தப் பூச்சிக் கூட்டத்தின் நடுவில், பார்த்தால் குரங்கு முகம் மாதிரியே இருக்கிற சின்னக் கூட்டுப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்; குழந்தைகள் அதை எடுத்து விளையாடுவார்கள். ஒரு சின்னப் பட்டாம்பூச்சியின் கூடு அது. அதன் புழு மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது. அதையும் சேர்த்தேதான் கொளுத்தினோம்.

2010இல் பேச்சு மாறியது. இந்தப் பூச்சிக்கு அதன் சொந்த ஊரில் ஓர் எதிரி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத குளவி, குவாம் தீவிலும் பலாவ் தீவிலும் அதை விட்டுத்தான் அடக்கினார்கள், இலங்கையில்கூட 2009இலேயே வரவழைத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து, வேறு எதையும் கெடுக்காது என்று சோதித்துப் பார்த்து, அக்டோபரில் தமிழ்நாட்டில் வெளியே விட்டது. அசிரோபேகஸ் பப்பாயே என்று அந்த மூன்றில் ஒன்றுக்குப் பெயர். நன்றாகப் பரவியது அதுதான்.

எங்கள் ஊர்க் கூட்டம் பால் சொசைட்டித் திண்ணையில் நடந்தது. மாட்டுப் பால் சொசைட்டி. வந்த ஆபீசரம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். கையில் மூடியில் துணி கட்டிய சின்னப் பிளாஸ்டிக் குப்பி. உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தோம். எள்ளில் பாதிகூட இல்லாத எதுவோ சுவரில் ஊர்ந்தது.

"கொட்டுங்களா?" என்றார் ஒருவர்.

"மனுசரைக் கொட்டாதுங்கய்யா. மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே இருந்து தின்னு, ஓட்டை போட்டு வெளியே வரும். ஊருக்கு நூறு விட்டாப் போதும், அதுவே பெருகிக்கும். ஒண்ணே ஒண்ணுதான்: மருந்து அடிக்கக் கூடாது. மோசமாத் தாக்கின மரத்தை வெட்டவும் கூடாது, எரிக்கவும் கூடாது. அதுலதான் குளவி பெருகோணும்."

திண்ணையில் கசமுசா கிளம்பியது. பெரியவர் ஒருவர் எழுந்தார். தன் தோட்டத்தை முழுக்கப் பிடுங்கிக் கொளுத்தியவர். "ஏனுங்கம்மா, போன வருஷம் கொளுத்தோணும்னு நோட்டீஸ் குடுத்தீங்க. இந்த வருஷம் வெச்சிருக்கோணும்கறீங்க. எதைக் கேக்கறது நாங்க?"

அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை. "போன வருஷம் எங்க கையில இது இல்லைங்கய்யா. இருந்ததைச் சொன்னோம். இப்ப இது இருக்குது."

அந்தப் பதில் பெரியவருக்குப் போதவில்லை. அவர் எழுந்து போய்விட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அரசாங்கத்தைச் சேர்ந்த ஒருவர் இவ்வளவு சுருக்கமாக நான்கு பேர் முன்னால் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா அன்றே ஒத்துக்கொண்டார். ஆபீசரம்மா சந்தோஷப்பட்டு, எங்கள் தோட்டத்தில் எரித்தது போக மிஞ்சிய மரங்களில் குப்பியைத் திறப்பதாகச் சொன்னார். விளக்கம் கேட்டுத் தெளிந்து அப்பா சம்மதித்ததாக அவர் நினைத்திருக்கலாம். விஷயம் வேறு. கடன் நோட்டில் எங்கள் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. இன்னொரு பாட்டில் வாங்க அப்பாவுக்கு முகம் இல்லை. அடிக்காமல் இருப்பதற்கு அன்றைக்கு அவரிடம் மரியாதையான ஒரு காரணம் கிடைத்தது. நூற்றுக்கு எத்தனை பேர் அறிவுரையைக் கேட்டு மாறினார்கள், எத்தனை பேர் வேறு வழியில்லாமல் மாறினார்கள் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

முதலாளி குறுக்கே நிற்பார் என்று நான் பயந்திருந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. "உங்கப்பனுக்குப் பப்பாளி வந்தாத்தான் அம்மிணி எனக்குப் பாக்கி வரும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வர வேண்டியது ஊர் முழுக்க நின்றது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்து புதுப் பாட்டில்களைக் காட்டியபோது, போதும் என்று கையைக் காட்டி அனுப்பியதையும் பார்த்தேன்.

குப்பியைச் சாயங்காலம் திறந்தார்கள். அதிகம் தாக்கிய பத்துப் பன்னிரண்டு மரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. அதுதான் பெரிய கஷ்டம். கண் முன்னால் மரம் சாகும்போது ஒரு விவசாயியிடம் சும்மா இரு என்று சொல்வது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்பது அந்த மாதம் எங்கள் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்பா காலையில் தோட்டத்துக்குப் போவார், பார்ப்பார், வருவார். ஸ்பிரேயரைத் துடைத்துத் துடைத்து வைப்பார். ஆயுளில் முதன்முறையாக மத்தியானம் தூங்கினார். போகிற வருகிறவர்கள், "என்னங்க, பூச்சிக்குச் சோறு போட்டு வளக்கறீங்களாட்ட இருக்குது" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். இதில் இன்னொரு சிக்கல், குளவிக்கு வரப்பு தெரியாது. நாங்கள் அடிக்காமல் இருந்து என்ன, வாய்க்காலுக்கு அக்கட்டால் ஒருவர் இரவோடு இரவாகப் பவர் ஸ்பிரேயர் போட்டு அடித்தார். காற்று எங்கள் பக்கம் வீசியது. மறுநாள் அம்மா வரப்பில் நின்று அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்தப் பேச்சுக்குப் பிறகு அந்தப் பக்கத்திலும் மருந்து நின்றது. விரிவாக்கப் பணி என்று பாடப் புத்தகத்தில் இருப்பதில் இந்த வகை சேராது என்று நினைக்கிறேன்.

பலித்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவரும் அம்மாதான். குளவி கண்ணுக்குச் சிக்காது. பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் உண்டு. ஆனால் அம்மாவின் விரலுக்குப் பூச்சியை நன்றாகத் தெரியும். ஒரு நாள் காலை, பழக்கத்தில் காய் மேல் இருந்ததை வழித்துவிட்டவர், "மஞ்சத் தண்ணி வரலை" என்றார். வெள்ளைக்குள் பார்த்தால் பூச்சி பழுப்பாகி, விறைத்து, முதுகில் ஊசி போட்ட மாதிரி ஓர் ஓட்டை. நசுக்கினால் உமியாகப் பொடிந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. பாதிக்குப் பாதி ஈரம், பாதி சக்கை. அடுத்த வாரம் முக்கால்வாசி சக்கை.

அம்மா கூடப் பால் எடுத்த பெண்கள் எட்டுப் பத்துப் பேர் வேறு வேறு தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர்கள். நசுக்கிப் பார்த்து ஈரமா, சக்கையா என்று சொல்கிற வித்தை அவர்கள் கைவழியாக ஊர் ஊராகப் போனது. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். எந்த இலையைப் பிடுங்கி டயர் போட்டு எரித்தோமோ, அந்த இலையைக் கேட்டு ஆள் வர ஆரம்பித்தார்கள். சக்கையான பூச்சி ஒட்டிய இலையாகப் பறித்து, துணிப் பையில் போட்டு, சைக்கிளிலும் டி.வி.எஸ். ஐம்பதிலும் கொண்டுபோய்த் தங்கள் மரத்தில் கட்டினார்கள். குப்பிக்காக ஆபீஸ் வாசலில் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. கொளுத்தச் சொன்னது ஏன் என்று சண்டை போட்டுவிட்டு எழுந்துபோன பெரியவரும் வந்தார். அப்பா அவருக்கு இரண்டு பை நிறையக் கொடுத்தார்.

2011 மழைக்காலத்துக்குள் செம்பருத்தி பூத்தது. பப்பாளி மறுபடி கொழுந்து விட்டது. பூச்சி ஒழியவில்லை, இன்றும் இருக்கிறது. தேடினால் இலையடியில் நாலு கிடைக்கும். ஆனால் கடையில் அந்த மருந்துகளைக் கேட்டு வருகிற பப்பாளிக்காரர்கள் நின்றுபோனார்கள். முதலாளிக்குப் பாக்கி மெல்ல மெல்ல வசூலானது. எங்கள் பக்கத்தை நானே அடித்துக் கையெழுத்து வாங்கினேன்.

அதற்கு அடுத்த வருஷம் வேளாண் விரிவாக்கத்தில் மேல்படிப்பு படிக்கும் ஒரு பையன் கேள்வித்தாளோடு வந்தான். பழ விவசாயிகள் பரிந்துரைக்கப்பட்ட சாகுபடி முறைகளை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது அவன் ஆய்வு. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டம்: முழுமையாக, ஓரளவு, இல்லை. வயது, படிப்பு, நிலம், எந்தப் பத்திரிகை வாசிப்பீர்கள், எத்தனை கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள். பிறகு இடைவெளி, குழி, ஆண் மரம் நீக்குதல். முழுமையாக, முழுமையாக. உரம், ஓரளவு. நல்ல பையன், பொறுமையாக எழுதினான். கடைசிப் பக்கத்தில் மாவுப்பூச்சி மேலாண்மை வந்தது. பரிந்துரையைக் கடைப்பிடித்தீர்களா?

அப்பா யோசித்துவிட்டு, "எந்த வருஷத்துப் பரிந்துரைங்க தம்பி?" என்றார்.

பையனுக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார். 2009இல் கேட்டிருந்தால் பிடுங்கி எரித்தவர்தான் சொன்னதைக் கேட்டவர், சோம்பேறித்தனத்தால் விட்டுவைத்தவர் கேட்காதவர். 2010இல் அப்படியே தலைகீழ். "நான் ரெண்டையும் கேட்டவன். கேட்டு ஒரு தோட்டம் போச்சு, கேட்டு ஒரு தோட்டம் வந்துச்சு." பையன் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு "முழுமையாக" என்பதில் குறி வைத்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டான். அவன் வழிகாட்டி அதை அழித்திருப்பாரோ என்னவோ.

இந்தக் குளவியால் இந்தியாவுக்கு மிச்சமானது ஐந்து வருஷத்தில் 50 கோடி டாலருக்கு மேல் என்று பிற்பாடு பொருளாதார ஆய்வு ஒன்று சொன்னது. இருக்கும். சித்தப்பா 2009 கடைசியிலேயே மல்பெரியை வேரோடு எடுத்து, புழு வளர்க்கிற கொட்டகையின் தகரத்தை விற்று, குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். குளவி வந்த சேதியை நான் போனில் சொன்னபோது, "ஒரு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா சாமி" என்றார். இறக்குமதிக்கு அனுமதி, சோதனை எல்லாம் அவசியம் என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டுப் பூச்சி ஒன்றை யோசிக்காமல் அவிழ்த்துவிட முடியாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ராசிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். அங்கே மரவள்ளி. 2020இல் கேரளாவில் தலைகாட்டிய வேறொரு மாவுப்பூச்சி கொஞ்ச நாளில் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. கொழுந்து குருத்தெல்லாம் சுருண்டு முடிச்சானது. ஆப்பிரிக்காவில் 1970களிலும் 80களிலும் மரவள்ளியை அழித்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கிய குளவியைத்தான் பெங்களூரு நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விடத் தொடங்கியது. அதுவரைக்கும் என்ன செய்வது என்று ஊரே கேட்டது. மாமனார் என் பேச்சைப் பாதி கேட்டார்: வாய்க்கால் பக்கத்து வயலுக்கு அடித்தார், மேட்டு வயலை விட்டுவிட்டார்.

குளவி விட்ட பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நசுக்கிப் பாத்தியா? மஞ்சத் தண்ணி வருதா?"

"இந்தப் பூச்சி மஞ்சள் இல்லைம்மா, ரோஸ் கலரு."

"கலரு என்னவோ இருந்துட்டுப் போகுது. ஈரம் இருக்குதான்னு பாரு. மாமனாரையும் நசுக்கிப் பாக்கச் சொல்லு, நீ சொன்னா நம்ப மாட்டாரு."